முகமூடிக் குழந்தைகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

பழைய புகைப்படங்களைப் பற்றி நீங்கள் எழுதுவதைத் தொடர்ந்து வாசிக்கிறேன். நான் இருப்பது நியூஜெர்சியில். சென்ற மாதம் இங்கே ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் ஓர் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த மூன்று படங்களை ஆறு டாலருக்கு வாங்கினேன். முன்பக்கமும் பின்பக்கமும் ஸ்கேன் செய்து இணைத்திருக்கிறேன்.

முதல் படம் போஸ்ட்கார்டு அளவு. தெருவில் ஏழு பிள்ளைகள். கிழிந்த பாவாடை, பெரிய தொப்பி, சிலருக்கு முகமெல்லாம் கரி. பின்னால் நீல பால்பாயின்ட் பேனாவில் ‘ஹாலோவீன் 1912’ என்று எழுதியிருக்கிறது. இரண்டாவது, ஓரம் நெளிநெளியாக வெட்டிய சின்னக் கருப்பு வெள்ளைப் படம். வாசற்படியில் சாத்தான் வேடத்தில் ஒரு பையன். இரவில் எடுத்துப் பார்க்கவே பயமாக இருக்கிறது. மூன்றாவது சதுரமான கலர் படம், பேட்மேன் உடை. வெள்ளை ஓரத்தில் ‘ஜன 67’ என்று அச்சாகியிருக்கிறது. ஹாலோவீன் அக்டோபர் 31 அல்லவா?

அந்தக் காலத்தில் வேண்டுமென்றே குழந்தைகளுக்கு இப்படிக் கோரமாக வேடம் கட்டினார்களா? இணையத்தில் சுற்றும் இதுபோன்ற படங்களை நம்பலாமா? என்னிடம் உள்ள மூன்றின் வருடத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

அன்புடன்,
ச.

அன்புள்ள ச.,

ஸ்கேனில் பார்த்தவரை மூன்றும் அசல் பிரிண்டுகள்தான். ஆறு டாலருக்கு நல்ல வேட்டை. ஆனால் முதல் படம் பெரும்பாலும் ஹாலோவீன் படமே இல்லை.

பழைய படம் கைக்கு வந்ததும் எல்லோரும் முதலில் பின்னால் எழுதியிருப்பதை வாசிப்பார்கள். அதைக் கடைசியில் வாசிப்பது நல்லது. எழுதியிருக்கும் செய்தியைவிட எழுதிய மை நம்பகமானது. அமெரிக்காவில் பால்பாயின்ட் பேனா கடைக்கு வந்தது 1945 அக்டோபர் இறுதியில், நியூயார்க்கின் கிம்பெல்ஸ் கடையில். ஆகவே ‘ஹாலோவீன் 1912’ என்பது, அந்த வருடத்தையே ஒப்புக்கொண்டாலும், படம் எடுத்து முப்பத்து மூன்று ஆண்டுகளாவது கழித்து யாரோ எழுதியது. பேத்தியாக இருக்கலாம், விற்றவராகவும் இருக்கலாம். ஹாலோவீன் என்று எழுதினால் விலை ஏறும் என்பது பழைய போஸ்ட்கார்டு விற்கிற எவருக்கும் தெரியும்.

அச்சான பகுதிக்கு அந்தச் சந்தேகம் இல்லை. தபால்தலை ஒட்டும் கட்டத்தைப் பாருங்கள். ஏ, இசட், ஓ என்ற மூன்றெழுத்துச் சுற்றி வருகிறது, நான்கு மூலையிலும் முக்கோணம், நான்கும் மேல்நோக்கி. அந்த முத்திரை இட்ட போட்டோ காகிதம் 1904 முதல் 1918 வரை விற்றது. இரண்டு முக்கோணம் மேலும் இரண்டு கீழும் பார்த்தால் 1918க்கும் 1930க்கும் இடைப்பட்டது. முக்கோணத்துக்குப் பதில் சதுரம் இருந்தால் இருபதுகளின் நடுவிலிருந்து நாற்பதுகள் வரை. அதோடு உங்கள் அட்டையின் பின்பக்கம் நடுக்கோடு போட்டு இரண்டாகப் பிரித்திருக்கிறது. இடப்பக்கம் கடிதம், வலப்பக்கம் முகவரி என்ற இந்த ஏற்பாட்டை அமெரிக்கத் தபால்துறை அனுமதித்தது 1907 மார்ச்சில். ஆக, 1907 முதல் 1918 வரை. வாங்கிய காகிதம் ஸ்டூடியோ அலமாரியில் ஓரிரண்டு வருடம் கிடந்திருக்கலாம், அவ்வளவுதான். வருடத்தில் பேத்தி பெரிதாகத் தவறவில்லை. பண்டிகையில்தான் தவறியிருக்கிறார்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கிலும் அதை ஒட்டிய ஊர்களிலும் பிள்ளைகள் வேடம் போட்டுத் தெருவில் இறங்கிய பெரிய நாள் தேங்க்ஸ்கிவிங் என்ற நன்றி நாள், அப்போது நவம்பர் கடைசி வியாழன். பையன்கள் அம்மாவின் பழைய பாவாடையையும் அக்காவின் தொப்பியையும் மாட்டிக்கொள்வார்கள். கார்க் தக்கையைத் தீயில் கருக்கி முகத்தில் பூசிக்கொள்வார்கள், இல்லையென்றால் சல்லி விலை முகமூடி ஒன்று. காலையிலேயே கிளம்பி, வீட்டு வாசலிலும் போகிறவர் வருகிறவரிடமும் ‘தேங்க்ஸ்கிவிங்குக்கு ஏதாவது?’ என்று கை நீட்டுவார்கள். கிடைத்தது காசு, ஆப்பிள், மிட்டாய். கந்தல் உடுத்தியதால் ராகமஃபின்கள் என்று பெயர், அந்த நாளுக்கும் ராகமஃபின் நாள் என்றே பெயர். பிச்சை கேட்கும் பழக்கம் என்று பள்ளி அதிகாரிகளும் செய்தித்தாள்களும் முகம் சுளித்தார்கள். முப்பதுகளில் தேய ஆரம்பித்து, இரண்டாம் உலகப்போருக்குப் பிறகு ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. வேடம் போட்டு வீடுவீடாகப் போவது முழுக்க அக்டோபர் 31க்கு நகர்ந்துவிட்டது. பழைய வழக்கம் மறந்த தலைமுறைக்கு, வேடமிட்ட பிள்ளையைப் பார்த்தால் வாயில் வரும் ஒரே சொல் ஹாலோவீன்.

இதற்குப் பெரிய சான்று அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தில் இருக்கிறது. ஜார்ஜ் கிரந்தம் பெய்ன் நடத்திய செய்திப்பட நிறுவனத்தின் கண்ணாடி நெகட்டிவ்களை அந்த நூலகம் 1948இல் வாங்கியது. ஏறத்தாழ நாற்பதாயிரம். அவற்றில் 1910க்கும் 1915க்கும் இடையில் எடுத்த முகமூடிப் பிள்ளைகளின் படங்கள் நிறைய உண்டு. நெகட்டிவிலேயே கையால் ‘தேங்க்ஸ்கிவிங் மாஸ்கர்ஸ்’ என்று எழுதியிருப்பார்கள். பிரிண்டில் அது வெள்ளை எழுத்தாக மூலையில் தெரியும். இணையத்தில் ‘நடுங்க வைக்கும் நூறாண்டுப் பழைய ஹாலோவீன்’ என்று ஓடிக்கொண்டிருப்பவற்றில் பல, அந்த மூலையை வெட்டிவிட்டுப் போட்ட பெய்ன் படங்கள். தலைப்பை மாற்றவேண்டிய சிரமம்கூட இல்லை, கத்தரித்தால் போதும்.

உங்கள் படத்தில் அப்படி எழுத்து எதுவும் இல்லை. வேறு தடயம் தேடவேண்டும். மரங்கள் மொட்டை. ஆனால் நியூயார்க் பக்கம் அக்டோபர் இறுதியிலேயே பல மரங்கள் பாதி உதிர்த்துவிடும், மரத்தை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. நிழல் கொஞ்சம் உதவும். அக்டோபர் 31 அன்று நியூயார்க்கில் நண்பகல் சூரியனே தரையிலிருந்து சுமார் 35 பாகைக்கு மேல் ஏறாது. அப்படியானால் சமதரையில் நிற்பவரின் நிழல் அவர் உயரத்தைப் போல 1.4 மடங்குக்குக் குறையவே முடியாது. நவம்பர் கடைசி வாரத்தில் 1.8 மடங்கைத் தாண்டும். நிழல் ஆள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கிற ‘நியூயார்க் ஹாலோவீன்’ படத்தைப் பார்த்தால் அது கோடைகாலத்துப் பள்ளி நாடகமோ ஜூலை 4 சுதந்திர தின ஊர்வலமோ என்று வைத்துக்கொள்ளுங்கள். தெற்கே போகப் போக இந்தக் கணக்கு மாறும். லாஸ் ஏஞ்சல்ஸில் அதே நாளில் 1.1 மடங்குதான். உங்கள் படத்தில் நடுவில் நிற்கும் பையனின் நிழல் அவன் உயரத்தைப் போல இரு மடங்குக்குக் கொஞ்சம் குறைவு. நவம்பர் நண்பகலுக்குப் பொருந்தும், அக்டோபர் 31 பிற்பகல் இரண்டு மணி வாக்கிலும் பொருந்தும். நிழல் ஒரு நாளைத் தள்ளுபடி செய்யும், எந்த நாள் என்று சொல்லாது.

எனக்கு அதைவிட முக்கியமாகப் படுவது வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டுத் தெரியும் கடை. வாசலில் கம்பியில் ஏதோ வரிசையாகத் தலைகீழாகத் தொங்குகிறது. நீங்கள் அனுப்பிய ஸ்கேனில் வெறும் மங்கல். அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சாத்தான் பையனுக்கு வருவோம். அவன் பயமுறுத்துவதற்கு அவன் காரணம் இல்லை, அவன் அம்மாவும் இல்லை. ஃபிலிம்தான் முதல் குற்றவாளி.

கோடக்கின் வெரிக்ரோம் என்ற ஃபிலிம்தான் 1931 முதல் 1956 வரை அமெரிக்கக் குடும்பங்களின் பெட்டிக் கேமராக்களில் ஓடியது. அது ஆர்த்தோகுரோமாட்டிக் வகை, அதாவது சிவப்பு அதன் கண்ணுக்குத் தெரியாது. சிவப்புப் பொருளிலிருந்து வரும் ஒளி அதில் பதிவாகாது, பிரிண்டில் அந்த இடம் கருப்பாகும். நீலமோ அளவுக்கு மீறி வெளுத்துவிடும். நம் வீடுகளில் இருக்கும் பழைய ஸ்டூடியோ படங்களில் பாட்டியின் குங்குமம் மை வைத்த மாதிரி கன்னங்கரேலென்று இருக்குமே, அதே விஷயம். இருட்டறையில் சிவப்பு விளக்கைப் போட்டுக்கொண்டு பிரிண்ட் போட முடிந்ததும் காகிதத்துக்குச் சிவப்பு தெரியாததால்தான்.

இப்போது அந்தப் பையனை மறுபடி பாருங்கள். சாத்தான் உடை என்றால் சிவப்பு. கடையில் வாங்கும்போது ரத்தச் சிவப்பில் பளபளவென்று, கொஞ்சம் கோமாளித்தனமாகக்கூட இருந்திருக்கும். படத்தில் மொத்தமும் கரி. முகமூடியின் உதடும் கன்னத்துப் பூச்சும் சிவப்பாக இருந்திருக்கவேண்டும், அவை இரண்டும் ஓட்டை போல் இருண்டிருக்கின்றன. நேரில் பார்த்தவர் சிரித்திருப்பார். 1956இல் வெரிக்ரோம் பான் என்ற, சிவப்பும் பதிகிற ஃபிலிம் வந்த பிறகு எடுத்த கருப்பு வெள்ளைப் படங்களில் இதே வேடம் நடுத்தரச் சாம்பல் நிறத்தில் சாதுவாக இருக்கும்.

அடுத்தது முகமூடி செய்த பொருள். பிளாஸ்டிக்குக்கு முன்பு மலிவு முகமூடிகள் கஞ்சி ஏற்றிய வலைத்துணியில் செய்தவை. பசைத் தண்ணீரில் முக்கிய துணியைச் சூடான அச்சின்மேல் அழுத்தி, காய்ந்ததும் வண்ணம் அடிப்பார்கள். இதன் எதிரி மூச்சுக்காற்று. ஒரு மணிநேரம் மாட்டிக்கொண்டு ஓடினால் ஈரத்தில் வாய்ப்பக்கம் கஞ்சி இளகும், துணி உள்வாங்கும், மேலே உள்ள பெயின்ட் வெடிக்கும். அடுத்த வருடம் தம்பிக்கு என்று மடித்துப் பெட்டிக்குள் வைத்தால் மூக்கு நசுங்கும். உங்கள் ஸ்கேனில் இடது கன்னத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு ஓடுகிறது. படத்தில் விழுந்த கீறல் என்று நினைத்திருப்பீர்கள். அது காதோரம் வந்ததும் முகமூடியின் விளிம்போடு நின்றுவிடுகிறது, பின்னால் உள்ள கதவுக்குள் நீளவில்லை. ஆக முகமூடியின் மடிப்பு. அவன் அதைப் போட்ட முதல் ஹாலோவீன் அது இல்லை என்று சொல்லலாம், அல்லது முகமூடி அவன் அண்ணனுடையது.

கண்கள் இரண்டும் வெறும் கருங்குழியாகத் தெரிகின்றன. முகமூடி முகத்தோடு ஒட்டாமல் ஒரு சென்டிமீட்டராவது தள்ளி நிற்கும். வெயில் வெளிப்பரப்பில் அடிக்கும், துளைக்குள் நுழையாது. அன்றைய ஃபிலிமில் வெயில் பட்ட இடம் சரியாக வந்தால் நிழல் பட்ட இடம் முழுக்கக் கருகிவிடும். பெட்டிக் கேமராவில் சரிசெய்யவும் வழியில்லை. ஷட்டர் நொடியில் ஏறக்குறைய 40இல் ஒரு பங்கு, ஒளி நுழையும் துவாரம் எஃப் 11 முதல் 14 வரை, இரண்டும் மாறாது. நல்ல வெயில் இருந்தால் படம், இல்லையென்றால் இல்லை. அந்தக் காலத்தில் நியூயார்க் பக்கம் ஹாலோவீன் அன்று பெரும்பாலும் கடிகாரத்தில் மாலை ஐந்துக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். எனவே பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கு அவசரமாக வேடம் கட்டி, இருக்கிற கடைசி வெயிலில் படியில் நிறுத்தி எடுத்திருப்பார்கள். இருட்டில் நடக்கும் பண்டிகையின் படங்கள் பட்டப்பகலில் இருப்பதற்கு இதுதான் காரணம். நடுப்பகல் போன்ற வெளிச்சத்தில், வெறும் தெருவில், பேய் வேடத்தோடு விறைத்து நிற்கும் பிள்ளை இன்று பார்ப்பவருக்குத் தூக்கிவாரிப்போடுகிறது.

பெட்டிக் கேமராவின் இன்னொரு கோளாறும் உங்கள் படத்தில் இருக்கிறது. எட்டு பத்து அடிக்கு அப்பால்தான் அதன் கண்ணாடி தெளிவாகக் காட்டும். எடுத்தவர் ஆசையில் ஆறடிக்கு வந்துவிட்டார். கதவின் தாழ்ப்பாள் கூர்மையாக இருக்கிறது, முகம் லேசாகக் கரைந்திருக்கிறது. முன்னால் தரையில் தெரியும் தொப்பி வைத்த நிழல் அவருடையது.

ஆக இரண்டாம் படத்துக்கு என் கணிப்பு 1935 முதல் 1955 வரை. நெளி ஓரம் அந்தக் காலத்து வழக்கம், சிவப்பு தெரியாத ஃபிலிம், துணி முகமூடி. போர்க்காலத்துக்கு வாய்ப்பு குறைவு. 1942 மே முதல் 1947 ஜூன் வரை அமெரிக்காவில் சர்க்கரைக்கு ரேஷன், வீடுவீடாக மிட்டாய் வாங்கும் பழக்கமே சுருங்கிக் கிடந்தது. அவன் கையில் காகிதப்பை இருப்பதால் 1947க்குப் பிறகு என்று சாய்கிறேன். சாய்வுதான், தீர்ப்பு இல்லை.

ரூபாய் நோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச் இருந்தால் ஒரு சோதனை செய்யுங்கள். ஐம்பதுகளின் தொடக்கத்திலிருந்து போட்டோ காகிதத்தில் வெண்மையூட்டும் ரசாயனம் சேர்த்தார்கள். இருட்டறையில் டார்ச்சை அடித்தால் அப்படிப்பட்ட காகிதம் பளீரென்று நீலவெள்ளையாக ஒளிரும். ஒளிர்ந்தால் காகிதம் 1950க்குப் பிறகு வந்தது, உறுதி. ஒளிராவிட்டால் ஒன்றும் நிரூபணமாகாது, பிறகு வந்த காகிதங்களிலும் அந்த ரசாயனம் சேராதவை உண்டு. முதல் படத்தையும் இதில் காட்டுங்கள். அது ஒளிர்ந்தால் நான் மேலே முக்கோணங்களைப் பற்றி எழுதியதெல்லாம் வீண், யாரோ பின்னாளில் செய்த நகல்.

டார்ச் இல்லையென்றால் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். பழைய வெள்ளிப் பிரிண்டில் கருமையான இடங்களின் ஓரத்தில் பாதரசம் பூசினாற்போல் நீலமான மினுமினுப்பு ஏறியிருக்கும். காகிதத்தில் உள்ள வெள்ளி பல்லாண்டுகளில் மேற்பரப்புக்கு வந்து படிவது அது. கம்ப்யூட்டர் பிரிண்டில் வராது. பத்து மடங்கு உருப்பெருக்கியில் புள்ளிப் புள்ளியாகத் தெரிந்தால் அச்சகத்தில் அடித்தது, மைத்துளிகள் தூவினாற்போல் தெரிந்தால் இங்க்ஜெட்.

வேண்டுமென்றே கோரமாக்கினார்களா என்ற கேள்விக்குப் பக்கத்தில் ஒரு நல்ல படத்தை வைத்துப் பார்க்கலாம். ஹெலன் லெவிட் நியூயார்க் தெருக்களில் குழந்தைகளைத் தேடித்தேடி எடுத்தவர். அவருடைய புகழ்பெற்ற ஹாலோவீன் படம் ஒன்று உண்டு. ஒரு வீட்டின் வாசற்படி. மூன்று பிள்ளைகள் வெளியே கிளம்புகிறார்கள், ஒரு பிள்ளை இன்னும் முகமூடியைச் சரிசெய்துகொண்டிருக்கிறது. அதே நகரம், அதே மாதிரி மலிவு முகமூடி. ஆனால் பயம் வராது. காரணம் இருக்கிறது. முகமூடி பாதி முகத்துக்குத்தான், வாய் தெரிகிறது. யாரும் கேமராவுக்காக நிற்கவில்லை. லெவிட் கையில் இருந்தது லைக்கா என்ற சின்னக் கைக்கேமரா. பக்கவாட்டில் பார்க்கும் கண்ணாடியைப் பொருத்திக்கொண்டு, வேறெங்கோ திரும்பி நிற்பவர் போல எடுப்பார். படியில் விறைப்பாக நிறுத்தி ‘அசையாதே’ என்று சொன்ன மறுகணமே குழந்தை பொம்மையாகிவிடுகிறது. பெட்டிக் கேமராவுக்கு அந்த ‘அசையாதே’ தேவைப்பட்டது, லைக்காவுக்குத் தேவைப்படவில்லை. 1943இல் நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் லெவிட்டின் குழந்தைப் படங்களைத் தனிக் கண்காட்சியாகவே வைத்தது. பயமுறுத்தும் குடும்பப் படங்களைத் தேடுகிறவர்கள் அவசியம் அந்தப் பக்கமும் போய்வரவேண்டும்.

ஒன்றை மட்டும் பூசி மெழுகக் கூடாது. கரி பூசிய முகங்கள் எல்லாமே வறுமை வேடம் இல்லை. கறுப்பினத்தவரையும் செவ்விந்தியரையும் சீனரையும் கேலி செய்யும் வேடங்கள் அன்று கடையிலேயே விற்றன. உங்கள் முதல் படத்தில் இடமிருந்து இரண்டாவது பையனின் உதட்டைச் சுற்றி வெள்ளை வளையம் வரைந்திருப்பது வெள்ளையர் கரி பூசிக்கொண்டு கறுப்பினத்தவரைக் கேலி செய்த மின்ஸ்ட்ரல் மேடைக்கூத்திலிருந்து வந்தது. அந்தக் கோரத்துக்கு ஃபிலிமைக் குறை சொல்ல முடியாது.

வீட்டில் தைத்த உடைகளுக்கும் ஒரு சந்தை இருந்தது. மாசசூசெட்ஸின் டென்னிசன் நிறுவனம் க்ரேப் காகிதம் விற்பதற்காகவே 1909இல் ‘போகி புக்’ என்ற ஹாலோவீன் கையேட்டை வெளியிட்டது, 1912 முதல் முப்பதுகள் வரை தொடர்ந்து புதுப்பதிப்புகள் வந்தன. மெல்லிய பருத்தி உள்ளாடைமீது சுருக்கம் வைத்த காகிதத்தைத் தைக்கச் சொல்லும். இருபது அங்குல அகலம், பத்தடி நீளம் என்று மடித்து விற்றார்கள். மழைத்துளி பட்டால் சாயம் ஓடும், மெழுகுவர்த்தி பக்கம் போனால் அவ்வளவுதான். படத்தில் பாவாடை விறைப்பாக நிற்கிறது, விளிம்பில் நூல் பிரியாமல் வெட்டியபடியே இருக்கிறது என்றால் காகிதம்.

பிறகு பெட்டி உடைகள். புரூக்ளினின் பென் கூப்பர், பிட்ஸ்பர்க்கின் ஹால்கோ, பென்சில்வேனியாவில் கொடி தைத்துக்கொண்டிருந்த காலேஜ்வில் ஆகிய மூன்றும்தான் ஐம்பது அறுபதுகளின் குழந்தைகளை உடுத்தின. மெல்லிய பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அச்சில் உறிஞ்சி எடுத்த முகமூடி, பக்கவாட்டில் ஸ்டேப்ளர் முள்ளால் குத்திய எலாஸ்டிக் நூல், முதுகில் கட்டும் ரேயான் அங்கி. அந்த எலாஸ்டிக் இரவு முடியுமுன் அறுந்துவிடும் என்பது ஊரறிந்த விஷயம். முகமூடியைத் தலைமேல் தூக்கிவிட்டபடியோ கையில் பிடித்தபடியோ நிற்கும் பிள்ளைகள் அந்தக் காலப் படங்களில் அத்தனை பேர் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம், வியர்வை இன்னொரு காரணம். உங்கள் மூன்றாம் படம் இந்த வகை. நெஞ்சில் பேட்மேன் படமும் பெயரும் அச்சடித்திருக்கிறது பாருங்கள். நிஜ பேட்மேன் தன் படத்தைத் தானே நெஞ்சில் ஒட்டிக்கொண்டு திரிவதில்லை. கேட்கிறவர்களுக்கு யார் என்று தெரியவேண்டும் என்ற வியாபாரக் கவலை.

‘ஜன 67’ குழப்பத்துக்கு விடை எளிது. ஓரத்தில் அச்சாவது படம் எடுத்த மாதம் இல்லை, ஃபிலிமைக் கழுவிப் பிரிண்ட் போட்ட மாதம். கோடக்கின் இன்ஸ்டாமேட்டிக் கேமராவில் போடும் ஃபிலிம் கேட்ரிட்ஜில் 12 அல்லது 20 படம். ஹாலோவீனுக்கு இரண்டு, தேங்க்ஸ்கிவிங்குக்கு மூன்று, கிறிஸ்துமஸுக்கு மிச்சம் என்று எடுத்து முடித்து, ஜனவரியில் கடையில் கொடுத்திருப்பார்கள். ஹாலோவீன் படங்களின் ஓரத்தில் அக்டோபர் இருப்பதுதான் அபூர்வம். பேட்மேன் தொலைக்காட்சித் தொடர் 1966 ஜனவரியில் தொடங்கியது. ஆகவே 1966 அக்டோபர் 31 என்று துணிந்து சொல்லலாம். முகமூடியின் நெற்றியில் வெள்ளையாக ஒரு பொட்டு எரிகிறது, பின்னால் முழு இருட்டு. அது ஃபிளாஷ். 1965இல் நான்கு பல்பு கொண்ட ஃபிளாஷ்க்யூப் வந்த பிறகுதான் சாதாரணக் குடும்பங்கள் சுலபமாக இருட்டிலும் எடுத்தன. மூன்றில் இது ஒன்றே நிஜமாக ஹாலோவீன் இரவில் எடுத்தது. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். இந்தக் காலத்துப் பிரிண்டுகள் பலவற்றில் சையன் சாயம் முதலில் மங்கும், படம் செம்மை ஏறும். கத்தரிப்பூ நிறமாகத் தெரியும் அந்த அங்கி நீலமாக இருந்திருக்கும்.

இணையப் படங்களுக்கு: மூன்று வகைக் கலப்படம் உண்டு. பெயர் மாற்றிய அசல்களைப் பற்றி மேலே சொன்னேன். இரண்டாவது, கான்ட்ராஸ்டை ஏற்றி முகத்தை மட்டும் வெட்டியவை. அசலில் பக்கத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் தங்கை காணாமல் போயிருப்பாள். மூன்றாவது, செயற்கை நுண்ணறிவு வரைந்தவை, இவை இப்போது நிறைய. விரலை எண்ணுவதெல்லாம் பழைய யோசனை, இன்று விரல்கள் சரியாகவே வருகின்றன. பின்னணியைப் பாருங்கள். மரப்பலகை அடித்த சுவரின் கோடு குழந்தையின் ஒரு பக்கம் மறைந்து மறுபக்கம் அதே உயரத்தில் வெளிவருகிறதா? எல்லா நிழலும் ஒரே திசையில் விழுகிறதா? காகிதச் சுருக்கமும் கறையும் முகத்தை மட்டும் பக்குவமாகத் தவிர்த்துவிட்டு ஓரங்களில் மட்டும் இருக்கிறதா? நூலகத்தின் எண்ணோ அருங்காட்சியகத்தின் பெயரோ இல்லாமல், வருடம் மட்டும் போட்டு வரும் படத்தைப் பகிராமல் விட்டால் ஒன்றும் குடிமுழுகாது.

பாதுகாப்புக்கு அதிகம் தேவையில்லை. ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஜெலட்டின் ஊறி மேல்பரப்பு கையோடு வந்துவிடும். மென்மையான தூரிகையால் தூசியைத் தட்டினால் போதும். ஒட்டும் பக்கங்கள் கொண்ட ஆல்பமும் பிவிசி உறையும் வேண்டாம், பாலியெஸ்டர் அல்லது பாலிபுரொப்பிலீன் உறை வாங்குங்கள். உங்கள் குறிப்பைப் பின்னால் 2பி பென்சிலால் ஓரத்தில் மெல்ல எழுதுங்கள். பால்பாயின்ட்டால் அழுத்தி எழுதினால் முன்பக்கம் மேடு தட்டும். முதல் படத்தில் ‘ஹாலோவீன்’ என்பதன் ‘ஹா’ வானத்தில் தெரிவதைக் கவனித்திருப்பீர்கள். அதை அழிக்கவும் வேண்டாம், அதுவும் இப்போது படத்தின் வரலாறு.

ஸ்கேன் 300 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 300 புள்ளியில் செய்திருக்கிறீர்கள். கருப்பு வெள்ளையாக இருந்தாலும் கலர் முறையில், 1200 டிபிஐயில், டிஃப் கோப்பாக மறுபடி எடுங்கள். தானியங்கித் திருத்தம், கூர்மையாக்கல் இரண்டையும் அணைத்துவிடுங்கள். இந்தப் போஸ்ட்கார்டுகள் பெரும்பாலும் நெகட்டிவை நேரடியாகக் காகிதத்தில் வைத்து ஒளி பாய்ச்சி எடுத்தவை, பெரிதாக்கியவை அல்ல. அதனால் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கம் நிறைய உள்ளே இருக்கும். முதல் படத்தின் வலது ஓரத்துக் கடை வாசலை மட்டும் தனியாக 2400இல் எடுத்து அனுப்புங்கள். அந்தக் கம்பியில் தொங்குபவை தேங்க்ஸ்கிவிங் விருந்துக்கான, இறகு பறித்த வான்கோழிகள் என்றால் தேங்க்ஸ்கிவிங் பக்கம் தராசு நன்றாகவே சாயும். பழைய கோட்டுகள் என்றால் தேடலை முதலிலிருந்து தொடங்கவேண்டும்.